விழுந்த பலாமரமும் ஏழு பலகைகளும்

நேற்று ராத்திரி பல்லாங்குழியின் பதினாலாவது குழியையும் தேய்த்து முடித்தேன். விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. மகள் புளியங்கொட்டைகளை அள்ளிவந்து குழிக்கு ஐந்தாகப் போட்டாள். மரத்தில் கொட்டை விழுகிற அந்தச் சத்தத்தை நான் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். அப்பாயி வீட்டுத் திண்ணையில் மதிய நேரத்தில் கேட்ட சத்தம்.

பலகையும் அப்பாயியுடையதுதான். அவர் நட்ட பலாமரம்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம் பக்கம். பலாவுக்குப் பேர்போன மண். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் ஊர்வழியாகப் போனது. பொழுது விடிந்து வெளியே வந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. தென்னைகள் முறிந்து கிடந்தன. பலாமரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. எங்கள் வீட்டு மரம் மாட்டுக்கொட்டகைமேல் சாய்ந்திருந்தது. மாடுகளை முதல் நாளே அவிழ்த்துக் கட்டியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அப்பா மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் விறகு லாரிகள் வந்தன. ஊரே விற்றது, வேறு வழியும் இல்லை. விழுந்த மரத்தை அகற்றினால்தான் அடுத்த வேலை. கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். வருஷம் தவறாமல் காய்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய மரங்கள் அடுப்புக்கும் காளவாசலுக்கும் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அப்பாவிடம் அடிமரத்தில் ஆறடி மட்டும் வேண்டும் என்று கேட்டேன். "என்னம்மா செய்யப் போற?" என்றார். அப்போது எனக்கு உளி பிடிக்கவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள் நான். மரத்தை முழுசாக விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அப்பா கொடுத்துவிட்டார்.

ஆறடித் துண்டை டிராக்டரில் ஏற்றி அறுவை மில்லுக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "ஆணி இருக்கா?" வீட்டு மரம் என்றாலே ஆணி இருக்கும். கொடி கட்ட, படம் மாட்ட, மாட்டுக்கயிறு தொங்கவிட என்று யாராவது எப்போதாவது அடித்திருப்பார்கள். மரம் வளர்ந்து அதை மூடிக்கொள்ளும். வெளியே தெரியாது, ரம்பத்தில்தான் தெரியும். அப்பா யோசித்து யோசித்து மூன்று இடம் காட்டினார். இரண்டைப் பிடுங்கினார்கள். மூன்றாவது அகப்படாததால் அந்தப் பக்கத்தை ஓரமாக அறுத்து ஒதுக்கிவிட்டார்கள். மீதியில் ஒன்றரை இஞ்ச் கனத்தில் ஏழு பலகை வந்தது. பச்சைப் பலாவை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் இருக்கும். பர்மாவிலும் இலங்கையிலும் பிக்குகளின் சீவர ஆடைக்குச் சாயம் எடுத்தது இந்த மஞ்சள் உள்மரமான வைரத்திலிருந்துதான். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் கடைகிறார்கள். அப்படிப்பட்ட மரத்தைத்தான் அன்றைக்கு டன் விலைக்கு எடைபோட்டுக்கொண்டிருந்தோம்.

கொட்டகையைச் சரிசெய்ய வந்த ஆசாரி ஐயாதான் எனக்கு முதல் வழி காட்டியவர். பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், வேற எதுவும் இப்ப வேணாம். ரெண்டு முனையிலயும் இன்னிக்கே பெயிண்ட் அடிச்சுடுங்க" என்றார். வீட்டில் கிடந்த பழைய எனாமல் பெயிண்டை எடுத்துக் கனமாக இரண்டு பூச்சு பூசினேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற நாளங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே வெட்டினால் அத்தனை வாயும் திறந்துகொள்ளும். பலகையின் முகத்தைவிட முனையில் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரமாக இருப்பதால், முனையிலிருந்து விரிசல் விட்டு உள்ளே ஓடிவிடும். முனையை அடைத்துவிட்டால் ஈரம் மெதுவாக முகம் வழியாகப் போகும். மெழுகை உருக்கி ஊற்றினாலும் சரி, பெயிண்ட் ஆனாலும் சரி.

அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தரையில் செங்கல் வைத்து, அதன்மேல் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள ரீப்பர் குச்சி. மேல் பலகையின் குச்சி கீழ்ப் பலகையின் குச்சிக்கு நேர் மேலே வர வேண்டும். இடம் மாறி வைத்தால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். வெயில் படக் கூடாது, காற்று ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கனம் வேண்டும் என்றார். அப்பாயியின் அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் தூக்கி வைத்தோம்.

ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்கள் கணக்கு. ஒன்றரை இஞ்சுக்கு ஒன்றரை வருஷம். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அது போதவில்லை. ஒரு பலகைக்கு மட்டும் அடையாளம் போட்டு, மாதம் ஒருமுறை தெரு முனை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினேன். முதல் நாள் 18 கிலோ 600 கிராம். முதல் இரண்டு மாதத்தில் மளமளவென்று இறங்கியது. பிறகு நூறு, ஐம்பது என்று குறைந்தது. கடைசியில் 12 கிலோ 100 கிராமில் நின்று, மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறி, கோடையில் மறுபடி அங்கேயே வந்தது. எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் முழுவதும் போவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற ஈரத்துக்குச் சமமாக வந்து நின்றுகொள்கிறது. ஆறரைக் கிலோ தண்ணீர் ஒரே பலகையிலிருந்து சத்தமில்லாமல் போயிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இந்த ஒன்றரை வருஷத்தை நான் ஒழுங்காகப் பொறுக்கவில்லை. நாலாவது மாதமே ஒரு பலகையை உருவி மணை செய்தேன். அம்மா பூஜையில் உட்காரட்டும் என்ற ஆசை. பலகையை அளவாக வெட்டி, கீழே இரண்டு குறுக்குச் சட்டம் வைத்து, பசை தடவி, ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்குரூ முடுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் நடுவே நீளவாக்கில் விரிசல், காசை நிறுத்தி வைக்கலாம்போல.

மணையை ஆசாரி ஐயாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பிப் பார்த்தவுடன் சொன்னார். "மரம் நீளத்துல சுருங்காது, அகலத்துலதான் சுருங்கும். நீங்க குறுக்க ஸ்குரூ போட்டுப் பூட்டிட்டீங்க. சுருங்க இடம் இல்ல, அதான் வெடிச்சிருச்சு. சட்டத்தை ஆணி போடாம செருகி விடணும்."

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டதற்கு அப்புறம் பழைய வீட்டுக் கதவுகளைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது. ஒரு கதவில் சட்டங்களுக்கு நடுவே இருக்கிற பலகையைப் பாருங்கள். அதற்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. சட்டத்தில் வெட்டிய காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் விரியவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருப்பார்கள். காரைக்குடி பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுகள் நூறு வருஷமாகக் கோணாமல் நிற்பதற்குத் தேக்கு மட்டும் காரணம் ஆகாது. விட்டுக்கொடுத்துச் செய்த வேலைப்பாடும் காரணம். மூத்த தேக்கையே எடுத்து நாலு பக்கமும் பூட்டி ஸ்குரூ போட்டால் அதுவும் வெடிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது மணைக்குக் குறுக்குச் சட்டத்தைப் புறாவால் பள்ளத்தில் செருகினேன். மேலே குறுகி உள்ளே அகன்ற பள்ளம், அதே வடிவத்தில் சட்டம். பக்கத்திலிருந்து தட்டி ஏற்ற வேண்டும். பலகை கோணாமல் சட்டம் பிடித்துக்கொள்ளும், ஆனால் அகலத்தில் நகர விடும். 2021 தை மாதம் செய்தது. அம்மா இன்றைக்கும் அதில்தான் உட்கார்கிறார்.

நடுவில் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியிருந்த நாட்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது அப்போதுதான். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசாரி ஐயாவின் பட்டறையில் போய் உட்காருவேன். அவர் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வேலை செய்வார். அவர் பாதம்தான் அவருக்குக் கிளாம்பு. அறுபத்தைந்து வயது. எனக்கு அப்படி உட்கார்ந்து பழக்கம் இல்லாததால் ஏலத்தில் எடுத்த பழைய பள்ளிக்கூட பெஞ்சை வீட்டுப் பின்கட்டில் போட்டுக்கொண்டேன்.

முதல் மூன்று வாரம் அவர் எனக்கு மரமே தரவில்லை. உளியைத் தீட்டச் சொன்னார்.

"எந்த மெஷின் வாங்கினா நல்லது?" என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். முதலில் ஒரு உளியைத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கடையில் வாங்குகிற புது உளி கூராக இருக்காது. அதன் முதுகை, அதாவது சரிவு இல்லாத பக்கத்தை, முதலில் கண்ணாடிபோல் தட்டையாக்க வேண்டும். கல் இல்லாவிட்டால் கவலை இல்லை. ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் உப்புத்தாளை விரித்து, 400, பிறகு 1000, பிறகு 2000 நம்பர் என்று தேய்த்தால் போதும். பிறகு சரிவைத் திருப்பிக் கிட்டத்தட்ட 25 டிகிரியில் பிடித்து, கை ஆடாமல் இழுக்க வேண்டும். முனையில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். அது விரலுக்குத் தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. முதுகைத் திருப்பி இரண்டு இழுப்பு, பிசிறு போய்விடும். கூர் வந்ததா என்று பார்க்க, மரத்தின் வெட்டுமுனையை மெலிசாகச் சீவிப் பாருங்கள். பளபளவென்று வெட்டினால் கூர். மாவுமாவாக உதிர்ந்தால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

மழுங்கிய உளிதான் ஆபத்து. வெட்டாததால் பலம் கொடுத்துத் தள்ளுவோம், அது வழுக்கிக் கையில் ஏறும். என் இடது கட்டைவிரலில் இருக்கிற தழும்பு அப்படி வந்தது. கூரான உளியைத் தள்ளவே வேண்டாம், சாய்த்தாலே இறங்கும். வேலை செய்யாத கை எப்போதும் உளிவாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

இழைப்புளியும் அப்படித்தான். அலகு கூராக இருந்து, மரத்தின் நாரோட்டத்தோடு தள்ளினால் 'சர்ர்' என்று சுருள் சுருளாக வரும். எதிர்த்துத் தள்ளினால் சிலும்பி எழும். பூனையின் முதுகைத் தடவுவதுபோல என்று ஆசாரி ஐயா சொல்லுவார். எந்தப் பக்கம் தடவ வேண்டும் என்று பூனையே சொல்லிவிடும். பலாவில் ஒரு சிக்கல் உண்டு. நாரோட்டம் பட்டை பட்டையாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு விரல் அகலத்துக்கு இப்படி, அடுத்த விரல் அகலத்துக்கு அப்படி. அதனால்தான் இழைத்து முடித்தபின் வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுப்புடவைபோல் மினுங்குகிறது. அதனால்தான் இழைப்பதும் கஷ்டம். அலகை மயிரிழை மட்டும் வெளியே விட்டு, மெலிசாக எடுக்க வேண்டும்.

என் கருவிகள் அதிகம் இல்லை. நாலு நூல், எட்டு நூல் உளி இரண்டு, ஒரு குழியுளி, ஒரு இரும்பு இழைப்புளி, ஒரு கைரம்பம், மூலைமட்டம், புளியங்கட்டைக் கொட்டாப்புளி, நாலு கிளாம்பு, ஒரு சின்ன டிரில் மெஷின். முதல் வருஷம் 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. நூல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பட்டறையில் மில்லிமீட்டர் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "அரை நூல் அதிகம்" என்றால் உடனே புரியும். பின்னக் கணக்கைப் பிள்ளைகளுக்கு இப்போது நான் நூலை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன்.

மகளுக்கு முதலில் செய்தது நடைவண்டி. அதற்குள் அவள் நடந்தே பழகிவிட்டதால் தம்பி மகனுக்குப் போனது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சக்கரத்துக்காகக் கிளையைக் குறுக்கே வட்டமாக அறுத்துவிடாதீர்கள். காயக் காய மையத்திலிருந்து விளிம்புவரை பிளந்துவிடும். பலகையிலிருந்து வெட்டி எடுக்கிற சக்கரம்தான் நிற்கும்.

அஞ்சறைப் பெட்டிதான் எனக்கு நிறைய கற்றுக்கொடுத்தது. நாலு மூலையிலும் புறாவால் இணைப்பு, அடிப்பலகை காடியில் மிதக்க வேண்டும், மூடி நழுவித் திறக்க வேண்டும், உள்ளே தடுப்புகள் ஒன்றுக்கொன்று பாதி வெட்டிக் கோத்திருக்க வேண்டும். முதல் மூலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கோட்டின்மேல் அறுத்தால் இடைவெளி விழுகிறது. கோட்டுக்கு வெளியே, கோடு தெரிகிற மாதிரி அறுத்து, மீதியை உளியால் சீவிச் சேர்க்க வேண்டும். இந்த வித்தியாசம் அரை நூல்கூட இல்லை. ஆனால் பெட்டியின் முகமே அதில்தான் இருக்கிறது. நாலாவது மூலை ஒரே மாலையில் முடிந்தது, முதல் முறையிலேயே பொருந்தியது. அந்த மூலையைத்தான் அம்மா அடுப்படியில் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார்.

பெட்டிக்கு உள்ளே எந்தப் பூச்சும் கொடுக்கவில்லை. கடுகும் மிளகும் சீரகமும் வெறும் மரத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே மட்டும் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். ஆளிவிதை எண்ணெய் வாங்கும்போது கவனியுங்கள். பெயிண்ட் கடையில் விற்கிற வேகவைத்த வகையில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், சமையலறைப் பொருளுக்கும் குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்கும் அது வேண்டாம். பச்சை எண்ணெய் காய நாளாகும், ஆகட்டும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயவே காயாது, பிசுக்கு பிடித்து நாற்றம் எடுக்கும். இன்னொன்றையும் அவசியம் நினைவில் வையுங்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியே போக முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவிட வேண்டும்.

பலகைகளில் இரண்டின் ஓரத்தை உளு அரித்துவிட்டது. வைரத்தைச் சுற்றி வெளுப்பாக இருக்கிற வெளிற்றில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தேடித்தான் அந்த வண்டு வரும். பலகையின் கீழே மெலிசான மாவு கொட்டிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அறுக்கும்போதே வெளிற்றை எடுத்திருக்க வேண்டும், எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. வைரத்தில் ஒரு துளைகூட இல்லை.

பல்லாங்குழிக்கு ஆறாவது பலகை. 20 இஞ்ச் நீளம், ஏழரை அகலம், இழைத்த பிறகு கனம் ஒரு இஞ்ச் இரண்டு நூல். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை. ஒவ்வொரு குழியும் இரண்டு இஞ்ச் அகலம், ஆறு நூல் ஆழம், அடியில் நாலு நூல் மரம் மிச்சம். முதலில் டிரில்லால் நடுவில் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, அதையே எல்லையாக வைத்துக்கொண்டு குழியுளியால் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி இறங்க வேண்டும். மையத்திலிருந்து மேலே ஏறினால் நார் பிய்ந்துகொண்டு வரும். ஒரு குழிக்கு முக்கால் மணி நேரம். நாலாவது குழியில் சரியாக ஒரு கணு வந்தது. கல்லைக் கொத்துவதுபோல் இருந்தது, அதற்குமட்டும் உளியை மூன்று முறை தீட்டினேன். தேய்ப்பதற்கு மகளின் ரப்பர் பந்தில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டேன். 80, 120, 220. குழியின் வளைவுக்குப் பந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

கணு இருந்த குழியில் இப்போது ஒரு கறுப்புச் சுழி தெரிகிறது. மகள் அதைத் தன்னுடைய குழி என்று சொல்லிக்கொள்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சிலர் பொம்பளைக்கு எதற்கு ஆசாரி வேலை என்று கேட்டார்கள். ஆசாரி ஐயா ஒருநாளும் கேட்கவில்லை. அவருடைய மகன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் தாத்தா காலத்து இழைப்புளி ஒன்று, மரக்கட்டையில் அலகு செருகியது, கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. போன தீபாவளிக்கு அதை என் கையில் கொடுத்து, "தீட்டிக்கிட்டே இருங்க, துருப்பிடிக்க விட்ராதீங்க" என்றார். வாரம் ஒருமுறை எடுத்துத் தீட்டுகிறேன். பல்லாங்குழியின் மேல்முகத்தை அதைக்கொண்டுதான் இழைத்தேன்.

இன்னும் ஒரு பலகை இருக்கிறது. அதில் என்ன செய்வது என்று அப்பாதான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி கார்த்திகை வந்தால் நம் கரையோர ஊர்களில் காற்று வரத்தான் செய்யும், மரங்கள் விழத்தான் செய்யும். உங்கள் வீட்டு வேம்போ பூவரசோ பலாவோ மாவோ சாய்ந்தால் முழுவதையும் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடிமரத்தில் நாலடியாவது வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை தெரிய வேண்டும் என்பதில்லை, மரம் காய்வதற்குள் கற்றுக்கொள்ளலாம். அறுத்த அன்றைக்கே முனைகளில் பெயிண்ட் பூசிவிடுங்கள்.